மூன்று ஏ

பேருந்துச் சீட்டுச் செயலிக்குக்
காத்திருப்புச் சக்கரம் எழுதியவன் நான்.
படம் போட்டால் கனம்,
எழுத்தே சுழலட்டும் என்று
ஒருங்குறிப் பட்டியலில் இறங்கித் தேடினேன்.
வரிசை கலையாமல் நின்றன
பிரெய்ல் புள்ளிகள், இருநூற்று ஐம்பத்தாறு கட்டம்.
பத்தை மட்டும் பொறுக்கினேன்.

⠋ ⠙ ⠹ ⠸ ⠼ ⠴ ⠦ ⠧ ⠇ ⠏

ஒரே இடத்தில் மாற்றி மாற்றிக் காட்டினால்
ஒரு குட்டிப் பாம்பு தன் வாலைத் துரத்தும்.
குழுவில் எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள்.

மூன்றாம் நாள் மதியம்
தொலைபேசி எடுக்க ஆளில்லை. நான் எடுத்தேன்.
"பிரிக்பீல்ட்ஸிலிருந்து தவமலர் பேசுறேன்.
ஈப்போவுக்கு ஒரு சீட்டு கேட்டேன்.
உங்க மெஷின் என்னை ஏசுது."
என்ன சொல்லி ஏசுகிறது, மேடம்?
"நடுவுல ஒரு ள.
அடுத்து எண் வரப்போகுதுன்னு ஒரு குறி,
எண் மட்டும் வரவே இல்லை.
கொஞ்சம் தள்ளிக் கேள்விக்குறி. யாரைக் கேக்குது, என்னையா?
அப்புறம் வ, ல, ப.
திரும்ப முதல்லேர்ந்து வ, ல, ப.
இருபது நிமிஷமா என் பிரெய்ல் பலகையில
விரலுக்கு அடியில எறும்பு ஓடுது."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன்.
பிறகு சிரிப்பு வரவில்லை.
சுவருக்கு அலங்காரம் என்று
யாருடைய கடிதத்தையோ கத்தரித்து ஒட்டியிருக்கிறேன்.

அன்றிரவு பட்டியலை மறுபடி திறந்தேன்,
இம்முறை படிப்பதற்கு.
முதல் கட்டம் காலி.
ஆனால் இடைவெளி இல்லையாம் அது:
எழும்பாத எட்டுப் புள்ளிக்கும் ஓர் எண் கொடுத்து
பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.
தமிழ்ப் பக்கத்தில் இன்னொன்று.
நாம் தலைக்கு மேல் வைக்கும் மெய்ப்புள்ளி
பிரெய்லில் எழுத்துக்கு முன்னால்
தனிக் கட்டம் பிடித்து உட்கார்ந்துகொள்கிறது.
விரலுக்கு ஏது அண்ணாந்து பார்க்கிற பழக்கம்?

சக்கரத்தைத் தூக்கிவிட்டு
'சற்றுப் பொறுங்கள்' என்று எழுதினேன்.
மேலாளர் அவரைச் சோதிக்க அழைக்கச் சொன்னார்,
மணிக்கு நாற்பது வெள்ளி.
அவர் ஐம்பது என்றார். ஐம்பதுதான்.

நிலையத்தில் போய்க் கூட்டிவந்தேன்.
கூட்டிவந்தேன் என்பது பேச்சுக்கு.
மஞ்சள் ஓட்டுப் புடைப்பில் கோல் தட்ட
அவர் முன்னால், நான் பின்னால்.
தடத்தை மறித்து ஒரு மோட்டார் சைக்கிள்.
கைப்பிடியைத் தடவிக் கண்டுபிடித்து
பொத்தானை அழுத்தினார், நீளமாக.
சாவி அதிலேயே இருந்திருக்கிறது.
நாசி லெமாக் பொட்டலத்தோடு ஓடிவந்தான் உரிமையாளன்.
"சோரி கக்கா, சோரி."

லிஃப்டில்
"எங்கள் அலுவலகம் மூன்று ஏ" என்றேன்.
அவர் விரல் பொத்தான்களின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.
"மூணு இருக்கு. அஞ்சு இருக்கு.
நடுவுல இருக்கிறது நாலு."
இல்லை மேடம், மூன்று ஏ.
இங்கே நாலு என்ற எண் ஆகாது,
சீன மொழியில் சாவு மாதிரி ஒலிக்கும்,
அதனால் கட்டடக்காரர்கள்...
"நாலுன்னுதான் போட்டிருக்கு."

குனிந்து பார்த்தேன்.
பித்தளைத் தட்டில் பளபளவென்று 3A.
அதன் கீழே, ஆறு வருடமாக நான் பார்த்தும் பாராத
இரண்டே கட்டம்: ⠼⠙
கண் உள்ளவர்களுக்குப் பயந்து மறைத்த மாடியை
புள்ளி அடித்தவன் மறைக்க மறந்திருக்கிறான்,
அல்லது மறைக்க மனம் வரவில்லை.
புள்ளி வைத்தால் மெய்
என்று தம்புசாமிப் பிள்ளை பள்ளிக்கூடத்தில்
ஒன்றாம் வகுப்பிலேயே ஒப்பித்தவன்தான் நான்.

"ஆறு வருஷமா எந்த மாடியில வேலைன்னே தெரியாமலா
சம்பளம் வாங்குறீங்க?"

கதவு திறந்தது.
சுவரில் ஆளுயரத்துக்கு இன்னொரு 3A.
அதைத் தாண்டி நடந்தபடியே சொன்னார்:
"செயலியைத் திறங்க தம்பி.
ஈப்போ சீட்டு
இன்னும் எனக்கு வரல."